பதினொன்றா, பன்னிரண்டா?

சென்ற மாதம் நந்தினி போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்றுவிக்கும் சிறப்பாசிரியை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று கொடைக்கானல் கீழ்மலை முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கிறது. டிசம்பரில் வரும் மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்காகக் குழந்தைகளின் சாதனைகளைச் செல்போன் செயலியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம்.

"மேடம், சாதனைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஓட்டம், ஓவியம், பாட்டு, நடனம், இதர. இந்த அஞ்சுல ஒண்ணத் தொடணும். என் பிள்ளைங்க எல்லாருமே 'இதர'தான் மேடம். அதுல என்னத்த எழுதுறது?"

"நீ என்ன பாத்த?" என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அரை மணி நேரம் ஆயிற்று. அடுக்கம் கிராமத்தில் ஒரு பிள்ளை செருப்பை வலது இடது பார்த்துப் போடுகிறதாம், ஆனால் அப்பாவின் செருப்பை மட்டும்தானாம். ஏன் என்று நான் கேட்டேன். தெரியவில்லை, போய்ப் பார்க்கிறேன் என்றாள். போனை வைக்கும்போது, "நீங்க பாத்ததையெல்லாம் எங்களுக்கு எழுதிக் குடுங்க மேடம். இங்க நாலு பேரு புதுசா சேர்ந்திருக்கோம்" என்றாள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. மதுரையில் இரண்டு வருடம் சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு. நல்ல மதிப்பெண். பாடப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது, கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராமல் இருக்கும் வழி மட்டும் இல்லை. முதல் மூன்று மாதம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வேலைக்குப் போனேன். பிறகு மலை பழகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

எங்களுக்கு மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர் சகாயமேரி மேடம். குட்டையான உருவம். ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருப்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. எந்த வீட்டில் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். பிள்ளை பாயில் படுத்திருந்தால் அவரும் பாயின் ஓரத்தில் உட்காருவார். பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் அவரும் குனிந்து தலையை உள்ளே விட்டுப் பேசுவார்.

மாதக் கடைசியில் எங்கள் குறிப்பேடுகளைப் பென்சிலோடு படிப்பார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விழும். 'ஆர்வமாக இருந்தாள்' என்றால் இன்னொரு வட்டம். 'புரிந்துகொண்டாள்' என்றால் இரண்டு வட்டம்.

"வசந்தா, புரிஞ்சுக்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சிரிச்சா மேடம்."

"அப்ப சிரிச்சான்னு எழுதுங்க. எதப் பாத்துச் சிரிச்சா, எவ்வளவு நேரம் சிரிச்சா, அதையும் எழுதுங்க. புரிஞ்சுதா இல்லையாங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. மழையிலும் பனியிலும் அலைந்துவிட்டு வந்தால் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாரே என்று நினைத்தேன். பண்ணைக்காட்டுக் காளியம்மாள்தான் என் எண்ணத்தை மாற்றினாள்.

காளியம்மாளுக்கு அப்போது ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். கை கால்கள் விறைத்துக்கொண்டு அவள் சொல்படி கேட்காது. நான் போட்ட திட்டம், ஆறு மாதத்தில் கரண்டி பிடித்துச் சாப்பிட வைப்பது. திட்டத்தைப் படித்துக் காட்டியதும் அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சோத்த நானே ஊட்டிக்கிறேன் டீச்சர், அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. வாழக்கொல அறுத்துப் போடுற எடம், ஈயா மொய்க்குது. நான் தண்ணிக்குப் போனா இவ மூஞ்சில ஈ உக்காந்துக்கிருது. ஓட்ட முடியாம ஊ ஊன்னு கத்துறா. அந்த ஈய மட்டும் இவளே ஓட்டிக்கிட்டான்னா எனக்குப் போதும்."

எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு இலக்கை நான் படித்ததில்லை. பயந்துகொண்டே அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். சகாயமேரி மேடம் படித்தார். பென்சில் கீழே இறங்கவில்லை. "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முழங்கைக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்தோம். கையின் பாரத்தைத் துண்டு தாங்கிக்கொண்டால் தோளுக்கு வேலை குறையும். கன்னத்தில் ஈரப் பஞ்சால் தொடுவேன். அவள் கை அந்த இடத்தைத் தேடி வர வேண்டும். முதல் மாதம் கை எதிர்ப்பக்கம் போனது. இரண்டாம் மாதம் காதுவரை வந்தது. நான்காம் மாதத்தில் ஒருநாள் நிஜமான ஈயே வந்து உட்கார்ந்தது. நானும் அவள் அம்மாவும் மூச்சுவிடவில்லை. கை வளைந்து நெளிந்து வந்து கன்னத்தில் பட்டது. ஈ பறந்தது. திரும்பி வந்தது. மறுபடியும் ஓட்டினாள். அவள் அம்மா வெளியே ஓடிப் பக்கத்து வீடுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று குறிப்பேட்டில் நான் எழுதியதன் கடைசி வரி: 'பிறகு அடுத்த ஈக்காகக் காத்திருந்தாள்.' 'காத்திருந்தாள்' என்ற சொல்லில் வட்டம் விழுந்தது. எப்படித் தெரியும்? நான் சிரித்துவிட்டேன். மேடமும் சிரித்தார். எனக்குத் தெரிந்து அது ஒரே தடவைதான்.

இனி ஜெயராணியைப் பற்றி.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் பாக்கியம் குடும்பம் இருந்தது. பாக்கியத்தின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் அந்த வீடுகளை இன்றும் அவர் லயம் என்றுதான் சொல்வார். புருஷன் கீழே பெரியகுளம் பக்கம் வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருவார். ஒரே மகள் ஜெயராணி, பன்னிரண்டு வயது. பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பள்ளியில் சேர்த்து மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் முதல்முறை போனபோது கதவு வெளியிலிருந்து தாழிட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரே சீராகக் கதவைத் தட்டும் சத்தம்.

"பூட்டாம என்ன செய்ய டீச்சர்? தெனமும் காலைல நான் வேலைக்குக் கெளம்புற நேரத்துல ஓடப் பாக்குறா. காட்டுமாடு மேயிற எடம். போன மாசம் ஒரு ஆள முட்டிப் போட்டுருச்சு. நான் பழம் எடுக்கப் போவனா, இவ பின்னாடி ஓடுவனா? ஏலாது டீச்சர், என்னால ஏலாது."

"எங்க ஓடுறா?"

பாக்கியம் என்னை விநோதமாகப் பார்த்தார். "எங்கயோ. பித்துப் புடிச்ச மாதிரி ஓடுறா. பாதி வழியிலேயே புடிச்சு இழுத்துட்டு வந்துருவோம். கடிப்பா, கத்துவா."

"ஒரு நாளாவது முழுசா விட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. யாரும் விட்டுப் பார்த்ததில்லை. நான் கெஞ்சிக் கேட்டு, மறுநாள் காலையில் பாக்கியத்தை வேலைக்குத் தாமதமாகப் போகச் சொல்லி, கதவைத் திறந்துவிட்டு இருவரும் அவள் பின்னாலேயே நடந்தோம்.

அவள் ஓடவில்லை. யாரும் பிடிக்க வராததால் ஓட வேண்டிய தேவை இல்லை போலிருக்கிறது. அப்படி எழுதினால் வட்டம் விழும் என்பதால், வேகமாக நடந்தாள் என்று வைத்துக்கொள்வோம். மிளகுக்கொடி ஏறிய மரங்களைத் தாண்டி, காப்பி காயவைக்கும் களத்தைச் சுற்றி, தோட்ட ஆபீசுக்குப் பின்னால் போனாள். அங்கே கம்பி வேலி போட்ட ஒரு சின்னச் சதுரம். நடுவே இடுப்பு உயரத்துக்கும் குறைவாக ஒரு உருளை நின்றது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

சற்று நேரத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் பரமசிவம் வந்தார். அறுபதை நெருங்கியவர், மஃப்ளர் சுற்றியிருந்தார். உருளையின் மேலிருந்த புனலைத் தூக்கினார். உள்ளேயிருந்த குடுவையை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் கோடு போட்ட ஒரு அளவுக் கண்ணாடியில் ஊற்றினார். தூக்கிப் பார்த்தார். நோட்டில் எழுதினார். தண்ணீரைப் புல்லில் வீசினார். வேலிக்கு இந்தப் பக்கம் ஜெயராணி 'ம்ம்ம்' என்று நீளமாக ஒரு ஒலி எழுப்பினாள். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்து, வீட்டுக்குள் போய், பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

பாக்கியம் வாசலிலேயே நின்றார். "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார். "இதுக்கா இத்தன வருசமா இழுத்துக்கிட்டு வந்தேன்?"

தோட்டத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழை அளப்பார்கள். காப்பிக்குப் பூ விரிவதும் உதிர்வதும் மழைக்கணக்கில் இருக்கிறது. எட்டரை என்பதை அவள் எப்படி அறிந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேகம் மூடிய நாளிலும் சரியாகப் போனாள். பஸ் சத்தமா, ஆபீஸ் மணியா, அவள் வயிற்றுப் பசியா, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

குறிப்பைப் படித்துவிட்டு சகாயமேரி மேடம் அடுத்த வாரமே ஜீப் பிடித்து வந்தார். வேலியருகே ஜெயராணிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து பார்த்தார்.

"வசந்தா, இவ எதப் பாக்குறா? தண்ணியவா, கண்ணாடியவா, அந்த ஆளையா, அவர் வீசுறதையா?"

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். வீட்டில் வைத்துத் தண்ணீரை வீசினேன். அவள் திரும்பவில்லை. வெறும் கண்ணாடி டம்ளரைக் காட்டினேன். தள்ளிவிட்டாள். ஒரு பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய, கோடுகள் போட்ட பிளாஸ்டிக் சாடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். வந்தாள். உட்கார்ந்தாள். கண்ணைச் சாடியின் உயரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்தக் கோட்டில் விரலை வைத்தாள். நான் கொஞ்சம் ஊற்றினேன். விரல் மேலே போனது. கொஞ்சம் கொட்டினேன். விரல் கீழே வந்தது. அன்று மத்தியானம்வரை நாங்கள் இருவரும் இதைத்தான் செய்தோம். எனக்கும் எழுந்து போக மனமில்லை.

அதன்பிறகு கதவு தாழிடப்படவில்லை. களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு அந்தப் பாதை முழுவதும் தெரியும், அவர்கள் ஒரு கண் வைத்துக்கொண்டார்கள். நான் வியாழக்கிழமைதோறும் போய், கோட்டுக்குப் பக்கத்தில் எண் அட்டைகளை வைத்துப் பழக்கினேன். எட்டு மாதத்தில் முப்பதுவரை எண்களைக் காட்டினாள், எழுதவும் செய்தாள். ஏழை மட்டும் திருப்பிப் போடுவாள்.

அப்போதுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

டிசம்பர் விழா கொடைக்கானலில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. ஜெயராணி மேடையேறி அளந்து காட்டுவாள் என்று நான் பெயர் கொடுத்தேன்.

"அவ வருவாளா?" என்று மேடம் கேட்டார்.

"வருவா மேடம்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேடம் தலையசைத்தார்.

ஜீப்பில் வரும்வரை சரியாக இருந்தாள். மண்டபத்தில் இரைச்சல். மைக்கில் 'மழையை அளக்கும் அதிசயச் சிறுமி' என்று அறிவித்தார்கள். மேசையில் சாடியை வைத்தேன். சிறப்பு விருந்தினராக வந்த பெரிய மனிதர் தானே ஊற்றுவதாகச் சொல்லி, ஜக்கைச் சாய்த்தார். கூட்டம் கை தட்டியது. தட்டத் தட்ட ஜெயராணி அலறினாள். சாடி பறந்து விருந்தினர் வேட்டியெல்லாம் தண்ணீர். அவள் மேசைக்கு அடியில் புகுந்து நெற்றியைத் தரையில் மோதத் தொடங்கினாள். ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் மேடையேறி, மேசைக்கு அடியில் நுழைந்து, மகளைச் சேலைக்குள் மூடிக்கொண்டார். விருந்தினர் நல்லவர், "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீப்பில் திரும்பினோம். ஜெயராணியின் நெற்றி வீங்கியிருந்தது.

அடுத்த வியாழன் போனபோது கதவு மறுபடியும் தாழிட்டிருந்தது.

"இனிமே வராதீங்க டீச்சர்" என்றார் பாக்கியம். "எம்மக ஓடுறான்னுதான் ஊரு சொல்லிக்கிட்டிருந்துச்சு. இப்ப பைத்தியம்னு சொல்லுது. படம் புடிச்சு லயம் பூராம் காட்டிட்டாங்க. நீங்க அவளுக்காகவா கூட்டிட்டுப் போனீங்க? உங்களுக்காகக் கூட்டிட்டுப் போனீங்க."

அவர் சொன்னது உண்மை.

களத்துப் பெண்கள் சொன்னது இன்னும் மோசம், ஜெயராணி வேலிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கதவைத் திறந்துவிட்டாலும் பாயை விட்டு எழவில்லையாம். எண் அட்டைகளைக் கண்டால் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாளாம்.

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு நடந்ததையும் குறிப்பேட்டுல எழுதுங்க, வசந்தா" என்றார். "பாத்தத மட்டும்."

எழுத உட்கார்ந்தால் நான் எதையுமே பார்த்திருக்கவில்லை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்டுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு, படம் பிடித்தவரைத் தேடிப் போய் அதை வாங்கிப் பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். விருந்தினர் சாடியை விளிம்புவரை நிரப்பியிருக்கிறார். கோடுகள் முடிந்த இடத்துக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. ஜெயராணி விரலைக் கொண்டுபோகிறாள். அங்கே கோடு இல்லை. விரல் கீழே வருகிறது, மேலே போகிறது, மறுபடி கீழே வருகிறது. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டல் எழுகிறது. அதன்பிறகுதான் அலறுகிறாள்.

அதை எழுதிக் கொடுத்தேன். படத்தை அழிக்கச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொண்டேன். அழித்தார், ஆனால் அதற்குள் பலரிடம் போய்விட்டிருந்தது.

நான்கு வியாழக்கிழமை பாக்கியத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். முதல் வாரம், கண்டதை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். நான்காவது வாரம் ஒரு டம்ளர் காப்பி மட்டும் வெளியே வந்தது. ஐந்தாவது வாரம் போனபோது எனக்கு முன்னால் ரைட்டர் பரமசிவம் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் துண்டில் சுற்றிய எதையோ வைத்திருந்தார்.

"ஏம்மா பாக்கியம், மகள ஏன் அனுப்ப மாட்டேங்கிற?"

"எதுக்குங்கய்யா? ஊரு சிரிக்கவா?"

"ஊரு கெடக்கு. எனக்குச் சோலி கெடுதும்மா." அவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார், பிறகு சொல்லியேவிட்டார். "டீச்சரம்மாவும் கேட்டுக்கட்டும். முன்னெல்லாம் மழ பேஞ்சா பல நாள் சன்னல் வழியா பாத்துட்டு, ஆறு மில்லி இருக்கும், எட்டு மில்லி இருக்கும்னு உக்காந்த எடத்துலயே எழுதிருவேன். குளிர்ல யாரு போறது? இந்தப் புள்ள வந்து வேலியப் புடிச்சு நின்னுச்சு பாருங்க, அதுலேருந்து என்னால அப்படி எழுத முடியல. கண்ண எடுக்காம பாக்குது. ஒரு நாள் விடாம அளந்தேன். இப்ப அது வரல. நேத்து பழையபடி சன்னல் வழியா எழுதிட்டேன். நோட்ட வச்சுட்டு வீட்டுக்குப் போனா சோறு எறங்கல."

துண்டைப் பிரித்தார். அளவுக் கண்ணாடி.

"இது ஒண்ணுதான் இருக்கு. இத உன் மக கையில குடு. நாளைக்கு எட்டரைக்கு அது கொண்டாந்தாத்தான் நான் அளக்க முடியும். கொண்டாரலேன்னா நோட்டுல கோடு போட்டுட்டுப் போறேன்."

"ஒடச்சிருவாங்கய்யா!"

"ஒடஞ்சா எந்தலை."

பாக்கியம் வாங்கினார். உள்ளே போனார். நாங்கள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தோம். ஜெயராணி சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்தில் கண்ணாடியை வைத்ததும் தலையைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோடுவரை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

மறுநாள் எட்டரைக்குக் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாளாம். ரைட்டர் வேலிக் கதவைத் திறந்துவிட்டாராம்.

அதன்பின் பாடத்தை அந்த வேலிக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். வேலையை ஒன்பது படிகளாகப் பிரித்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு, கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பது. அப்போது குழந்தை ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த நிறைவோடு எழுந்து போகும். முதல் வாரம் ரைட்டர் எல்லாவற்றையும் செய்வார், ஜெயராணி புனலை மூடுவாள். அடுத்த வாரம் குடுவையை உள்ளே வைத்து மூடுவாள். மூன்றாம் வாரம் தண்ணீரை வீசி, குடுவையை வைத்து, மூடுவாள். வீசும்போது தன் 'ம்ம்ம்' ஒலியை அவளே எழுப்பிக்கொள்வாள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் ஏறி வந்து, மழைக்காலம் தொடங்கும்போது வேலிக் கதவைத் திறப்பதிலிருந்து எல்லாம் அவள் கையில் இருந்தது. அவள் ஒரு சின்ன நோட்டில் எழுதுவாள். ரைட்டரும் ஒருமுறை பார்த்துத் தன் பெரிய நோட்டில் எழுதுவார்.

ஒருநாள் சகாயமேரி மேடம் சொல்லாமல் வந்து நின்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜெயராணி ஊற்றி, கண்ணாடியை வேலிக்கல் மேல் வைத்து, குந்தி உட்கார்ந்து, பார்த்து, எழுதினாள். பதினொன்று. ரைட்டர் நின்றபடியே குனிந்து பார்த்தார். பன்னிரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு அவள் நோட்டைப் பார்த்தார்.

"ஏத்தா, பன்னெண்டு. ஒண்ணு விட்டுட்ட."

ஜெயராணி அவர் நோட்டை எட்டிப் பார்த்தாள். எப்போதும் அடுத்ததாகத் தண்ணீரை வீச வேண்டியவள் வீசவில்லை. கண்ணாடியைக் கல்லில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரி விடு, ஊத்து. நேரமாச்சு."

அவள் விடவில்லை. ரைட்டர் கண்ணாடியை எடுக்கப் போனார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பலமாக இழுத்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது, மண்டபத்து அலறல் காதில் கேட்டது. எழப்போன என்னை மேடம் கையமர்த்தினார்.

"அய்யா, அவ இழுக்குற எடத்துக்குப் போங்களேன். என்னதான் செய்றான்னு பாப்போம்."

ரைட்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி மண்ணில் குந்தினார். அவர் தலை கண்ணாடியின் உயரத்துக்கு வந்ததும் ஜெயராணி கையை விட்டாள். அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அட" என்றார்.

மேடமும் சேற்றில் முட்டி போட்டுப் பார்த்தார். அடுத்து நான். தண்ணீர் கண்ணாடிச் சுவரில் ஓரமாகக் கொஞ்சம் ஏறி, நடுவே குழிந்து நிற்கிறது. நின்றுகொண்டு மேலேயிருந்து பார்த்தால் ஒரு கோடு கூடுதலாகத் தெரியும். தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் பதினொன்றுதான். இதை அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

"அப்ப நான் இத்தன வருசமா எழுதினது?" என்று ரைட்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு பெரிய நோட்டை எடுத்தார். பன்னிரண்டை அடித்தார். பக்கத்தில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயராணி அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, தண்ணீரைப் புல்லில் வீசினாள்.

அந்த மாதக் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு வட்டமும் இல்லை. மேடம் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நானும் பார்த்தேன்.'

அந்த டிசம்பரில் விழாவை வேறு மாதிரி நடத்தினோம். மேடை வேண்டாம் என்றோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வர விரும்பும் பிள்ளைகள் வரட்டும், வராதவர்களுக்காக வீட்டுக்காரர்கள் வந்து, தாங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும் என்று ஏற்பாடு. பலத்த சத்தம் ஆகாத பிள்ளைகள் இருந்ததால், கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் உயர்த்தி அசைக்கச் சொன்னோம். ஒரு அப்பா, "எம்மக நேத்து என்கிட்ட கோவிச்சுக்கிட்டா. இதுக்கு முன்னாடி யாருகிட்டயும் கோவிச்சுக்கிட்டதே இல்ல" என்றார். கைகள் அசைந்தன. பண்ணைக்காட்டிலிருந்து வந்த அம்மா, ஈ ஓட்டிய கையால் மகள் இப்போது தன் சடையையும் பிடித்து இழுக்கிறாள் என்று புகார் சொன்னார். அதற்கும் கைகள் அசைந்தன.

பாக்கியம் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்திருந்தார், தனியாக. அவர் முறை வந்ததும் எழுந்து நின்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எம்மக வரல. அவளுக்குச் சோலி இருக்கு" என்றார். "எங்க தோட்டத்து ரைட்டரய்யா பன்னெண்டுன்னு எழுதினாரு. எம்மக பதினொண்ணுன்னு எழுதினா. அவரு எழுதினது தப்பு."

உட்கார்ந்துவிட்டார். பிறகு வட்டம் முழுக்கக் கைகள் மேலே போயின. எதிர்ப்பக்கத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்த பரமசிவமும் இரண்டு கையையும் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ரைட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். சகாயமேரி மேடம் காலமாகிவிட்டார். ஜெயராணிக்கு இருபது தாண்டிவிட்டது. தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. மழை அளப்பதும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுவதும் அவள் வேலை. இன்றும் பேச்சு இல்லை. அவள் காய்ச்சலில் படுத்த நாட்களில் பாக்கியம் அளந்து எழுதினால், எழுந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்ப்பாளாம். திருத்த மாட்டாளாம். என்ன நினைப்பாள் என்று பாக்கியம் என்னைக் கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

நந்தினியோடு பேசிய பிறகு, போன வாரம் தாண்டிக்குடிக்குப் போய் வந்தேன். எட்டரைக்குக் கொஞ்சம் முன்பே வேலியருகே போய் நின்றுகொண்டேன். இரவு பெய்த மழை விட்டு நல்ல வெயில். ஜெயராணி வந்தாள். என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. புனலைத் தூக்கினாள், ஊற்றினாள், கண்ணாடியைக் கல்லில் வைத்தாள், குந்தினாள். நான் ஆவலில் நன்றாகக் குனிந்துவிட்டேன். அவள் எழுந்தாள். வந்து என் இரண்டு தோள்களையும் பிடித்து, வெயிலை மறைக்காதபடி மூன்றடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினாள். நிற்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு போய் உட்கார்ந்து, நான்கு என்று எழுதினாள்.